மாசி, கூனி, நெத்திலி: ஒரு சைவக்காரியும் அவள் வீட்டுக்காரரும் ஊர் சுற்றிய கதை

கோத்தகிரி பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. கொழுந்துக் காசு கையில் நிற்கிற வருஷம் இரண்டு பேரும் எங்காவது கிளம்பிவிடுவோம். நிற்காத வருஷம் பழைய பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டு வீட்டில் கிடப்போம். நான் பிறந்ததிலிருந்து சைவம், முட்டை மட்டும் உண்டு. அவர் நடப்பது, பறப்பது, நீந்துவது எதையும் விடமாட்டார். கல்யாணமான புதிதில் இது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. நான் ரசம் வைப்பேன், அவருக்கு ஆசை வந்தால் வெளியே போய்ச் சாப்பிட்டு வருவார். வம்பு ஆரம்பித்தது 2017இல், இலங்கைக்குப் போனபோது.

அவருடைய பாட்டி ஹட்டன் பக்கத்து லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் நீலகிரித் தேயிலைக்கே வந்து சேர்ந்த குடும்பம். பாட்டி இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை காலையில் தேங்காய் ரொட்டியும் சம்பலும்தான். மைதாவில் தேங்காய்த் துருவல் போட்டுப் பிசைந்து, கனமாகத் தட்டிக் கல்லில் போடுவார். சம்பல் அம்மியில். அந்த ருசியை எனக்கும் பழக்கிவிட்டுத்தான் போனார்.

ஹட்டனில் தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் அதே ரொட்டி, அதே சம்பல். மூன்று சாப்பிட்டேன். பாட்டி கைப்பக்குவத்தைவிட ஒரு படி கூடுதலாகவே இருந்தது. “என்னம்மா போட்டீங்க?” என்று கேட்டேன். “மாசிதான் புள்ள” என்றார் அந்த அம்மா. மாசி என்றால் எனக்கு ஒரு மாதம், அவ்வளவுதான் தெரியும். அப்புறம் அடுப்படியில் எடுத்துக் காட்டினார். சூரை மீனை அவித்து, புகையில் காட்டி, வெயிலில் காயவைத்து விறகுக் கட்டை மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார்கள். அதை இடித்துச் சம்பலில் போடுவது. மாலத்தீவுச் சரக்காம். பாட்டிக்கு இங்கே மாசி கிடைக்கவில்லை, அதனால் எங்கள் வீட்டுச் சம்பல் சைவமாகிவிட்டது. விஷயம் அவ்வளவுதான்.

அவருக்கு முதலிலேயே தெரியும் என்பதுதான் என் கோபம். “நீ ஆசையா சாப்பிட்ட, கெடுக்க வேண்டாம்னு பாத்தேன்” என்றார். ஹட்டனிலிருந்து நானுஓயா வரை ரயிலில் நான் வாய் திறக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே நல்ல நல்ல அருவியெல்லாம் வந்தது. பார்க்கவில்லை.

அங்கே சைவச் சாப்பாட்டுக்கு ‘மரக்கறிச் சாப்பாடு’ என்று கேட்க வேண்டும். அதோடு ‘மாசி போடாம’ என்றும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல பேருக்கு மாசி என்பது மீன் கணக்கிலேயே வராது, உப்பு மாதிரி ஒரு சரக்கு. வெறும் தேத்தண்ணியும் கையில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியுமாக மிச்ச நாட்களை ஓட்டினேன். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு கசப்பாகத் தேத்தண்ணி குடிப்பது நல்ல பழக்கம். வீட்டிலும் இப்போது அப்படித்தான்.

2019இல் பர்மாவில் யாங்கோன். இது எனக்காகப் போனது. தேயிலையைத் தின்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து பார்த்தே தீர வேண்டும் என்று இருந்தேன். கொழுந்தை ஆவியில் அவித்து, அமுக்கி, மாதக்கணக்கில் புளிக்கவைத்து எடுப்பார்கள். லபெட் என்று பெயர். அதில் எண்ணெய் விட்டுப் பிசைந்தால் லபெட் தோ. நம் பர்மா பஜார் அத்தோவில் இருக்கிற ‘தோ’வும் இதே கலவைதான். பழத்தில் மாம்பழம், இறைச்சியில் பன்றி, இலையில் லபெட் என்று அவர்களிடம் ஒரு சொலவடையே உண்டு.

கடையில் கேட்டால் எல்லாவற்றையும் கலந்து கொண்டுவந்து வைக்கிறார்கள், கூனி இறால் உட்பட. முதல் தட்டு அவருக்குப் போயிற்று. அப்புறம்தான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா அரக்குப் பூசிய வட்டப் பெட்டி ஒன்றைத் திறந்தார். அச்சு அசல் நம் அஞ்சறைப் பெட்டி! ஒரு அறையில் ஈரப் பச்சையாக இலை, மற்றவற்றில் பொரித்த பூண்டு, வறுத்த எள், வேர்க்கடலை, பொரித்த பட்டாணி, கூனி. வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், வேண்டாததைத் தொட வேண்டாம். என்னைப் போன்றவளுக்காகவே செய்த பெட்டி.

ருசியை எப்படிச் சொல்ல? பேக்டரியில் இலை வாட்டும் தொட்டிப் பக்கம் நின்றால் ஒரு வாசனை வருமே, அதை மென்ற மாதிரி. கசப்பு, புளிப்பு, பின்னால் லேசாக ஒரு இனிப்பு. இத்தனை வருஷம் கொழுந்து பறித்திருக்கிறேன், ஒரு இலையையும் வாயில் போட்டு விழுங்கியதில்லை. அன்றைக்கு இரண்டு கிண்ணம் ஆயிற்று. இதுவும் டீதான், தூக்கத்தைக் கெடுக்கும் என்பது மட்டும் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. ராத்திரி மூன்று மணிவரை கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு, கிலோ கொழுந்தை இப்படிப் புளிக்கவைத்து விற்றால் என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.

பர்மாவில் சைவத்துக்குச் சொல் ‘தெத்தத்லூ’. உயிரைக் கொல்லாதது என்று பொருளாம். வடலூர்க்காரர்கள் கேட்டால் கட்டிக்கொள்வார்கள். அங்கே கடலை மாவைக் காய்ச்சிக் கட்டியாக்கி ஷான் டோஃபு என்று விற்கிறார்கள். சோயா கிடையாது. அது என்னைக் காப்பாற்றியது. டீக்கடையில் ஆளைக் கூப்பிட முத்தம் கொடுக்கிற மாதிரி ‘இச்’ கொட்டுகிறார்கள். அவர் அதை நன்றாகப் பழகிக்கொண்டார். ஊருக்கு வந்தபின் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஒருமுறை மறந்துபோய்ச் செய்துவிட்டார். அந்தக் கடைப் பக்கம் நாங்கள் இப்போது போவதில்லை.

2023இல் ஹனோய். இரண்டு நாள் வெறும் வாழைப்பழமும் கையில் கொண்டுபோன வர்க்கியும்தான். எதைத் தொட்டாலும் நுவாக் மாம். நெத்திலியை உப்பில் போட்டு மாதக்கணக்கில் ஊறவைத்து வடித்த சாறு அது. காய் வதக்கலில்கூட ஊற்றுகிறார்கள். மூன்றாம் நாள் ஒரு சந்தில் போர்டைப் பார்த்து, “சாய் போட்டிருக்கான் பாரு, டீக்கடை” என்று இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்தார். இரண்டு விரலைக் காட்டி “சாய்” என்றார். வந்தது இரண்டு தட்டுச் சோறு. டோஃபு, காளான், கீரை, தொட்டுக்கொள்ள மீன் வாடையே இல்லாத ஒரு சாறு. வியட்நாமில் ‘சாய்’ என்றால் டீ இல்லை, சைவம்! சந்திர மாதத்தில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே நிறையப் பேர் சாய் சாப்பிடுகிறார்கள். நம் அமாவாசை, பௌர்ணமி விரதம்தான். நாங்கள் போனது பௌர்ணமியன்று. அவருடைய அசட்டுத்தனம் எனக்குச் சோறு போட்டது அந்த ஒரு முறைதான், அதையும் எழுதிவிட வேண்டும் இல்லையா?

முட்டைக் காபியும் அங்கேதான். 1946இல் பாலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஒரு ஹோட்டல் ஊழியர் மஞ்சள் கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்துக் காபிமேல் ஊற்றியதாம். எதையும் தின்கிற மனிதர் அதற்கு மட்டும் முகத்தைச் சுளித்தார். இரண்டு கோப்பையையும் நானே குடித்தேன்.

உங்கள் கதைகளையும் எழுதுங்கள்.

*

பெருமாள்மலையிலிருந்து:

நாங்கள் போனது அதே வியட்நாமில் டாலாட். சுமார் 1,500 மீட்டர் உயரம், பிரெஞ்சுக்காரன் உருவாக்கிய மலை ஊர். ஏரி, பைன் மரம், கேரட், முட்டைக்கோஸ், ஸ்ட்ராபெரி. இறங்கியதும் என் மனைவி, “இதுக்கா இவ்வளவு செலவு பண்ணி வந்தோம், கொடைக்கானலுக்கு நம்ம வீட்டிலிருந்து பஸ்ஸு இருக்கே” என்றாள். பட்டர் ஃப்ரூட்டைக் குழைத்து மேலே தேங்காய் ஐஸ்கிரீம் வைத்துக் கொடுத்ததும்தான் சமாதானமானாள். எங்கள் பக்கம் காபித் தோட்டத்துக்குள் அந்த மரம் நிறைய உண்டு. நாங்களும் பாலும் சர்க்கரையும் போட்டுத்தான் அடித்துக் குடிப்போம். வெள்ளைக்கார விருந்தாளிகள் வந்தால் உப்பும் மிளகும் கேட்பார்கள், எங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். டாலாட்டில் ஊரே சர்க்கரைக் கட்சி. எனக்கு அது பெரிய ஆறுதல்.

அக்காவுக்கு ஒரு எச்சரிக்கை: அங்கே அரிசி அப்பளத்தைக் கரியடுப்பில் வாட்டி, முட்டையும் வெங்காயத்தாளும் தடவித் தருவார்கள். பார்க்க அப்பாவி. உள்ளே கூனி இருக்கும்.

*

பூம்பாறையிலிருந்து:

நான் பூண்டுக்காரன். 2019இல் எங்கள் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த சந்தோஷத்தில் இருந்தவன், அதே வருஷம் மனைவியோடு தாய்லாந்து போய் பூண்டே இல்லாத ஒன்பது நாளில் மாட்டிக்கொண்டேன். புக்கெட் தீவில் சீனர்களுடைய சைவத் திருவிழா. மஞ்சள் கொடியில் சிவப்பாக ‘ஜே’ என்று எழுதியிருக்கும் கடைகளில் கறி, மீன், முட்டை கிடையாது. பூண்டும் வெங்காயமும்கூட ஆகாது. வியட்நாம் சாயும் இந்த ஜேயும் ஒரே சீனச் சொல்லிலிருந்து வந்தவைதானாம்.

மீன் வந்துவிடுமோ என்ற பயமே அந்த ஒன்பது நாளும் இல்லை, அதனால் கோத்தகிரி அக்கா அந்த சமயம் பார்த்துப் போகலாம். எனக்குத்தான் நாக்கு செத்துவிட்டது. நான்காம் நாள் ஊர்வலம் பார்க்கப் போனோம். வெள்ளை உடுத்தி, சாமியாடி, கன்னத்தில் இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் வாங்குகிறார்கள். பழனிக்கு அலகு குத்திப் போகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவள் என் மனைவி, கும்பிட்டுவிட்டாள். பக்கத்தில் நின்ற சீனப் பாட்டி அவள் கையில் ஒரு ஆரஞ்சைத் திணித்துவிட்டுப் போனார். நான் பையில் ஒளித்து வைத்திருந்த பூண்டு ஊறுகாயை அன்றைக்கு மட்டும் திறக்கவில்லை.

*

கூடலூரிலிருந்து:

பினாங்கு போங்கள். சைவம் என்று தமிழிலேயே சொல்லலாம், கட்டஞ்சாயாவுக்கு ‘தே ஓ’, சர்க்கரை வேண்டாமென்றால் ‘தே ஓ கோசோங்’. அவ்வளவு பாஷை போதும். நாசி காண்டார் எனக்கு மட்டும், மனைவிக்கு வாழையிலைச் சாப்பாடு. காண்டார் என்பது தோளில் சுமக்கிற கம்பு. நம்மூர் முஸ்லிம்கள் காவடி மாதிரி இரண்டு பக்கமும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுக் கொண்டுபோய் விற்றதில் வந்த பெயர். ரொஜாக் என்கிற காய், பழக் கலவையில் பெலாச்சான் இருக்கும், கேட்டு வாங்கவும். அது இறால்.

*

மறுபடியும் கோத்தகிரி:

பூண்டுக்காரத் தம்பி, அந்த ஊறுகாய் எந்தக் கடையில் என்று எழுதவும்.

லபெட் வீட்டில் செய்து பார்த்தீர்களா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். செய்தோம். முதல் தடவை தை மாதத்தில் கொழுந்தை இட்லிப் பானையில் அவித்து, கசக்கி, பாட்டிலில் அடைத்தோம். சரியாக அமுக்காமல் மேலே பூசணம் பூத்துவிட்டது. அத்தை அதைத் தூரக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்து, அம்மிக் குழவியைக் கழுவி என்னிடம் கொடுத்தார். “பாரம் வெக்காம எதுடீ புளிக்கும்?”

இந்தத் தடவை ஜாடி. மேலே பாட்டியின் குழவி. ஆடியில் வைத்தது. குழவி இதுவரை இரண்டு விரற்கடை கீழே இறங்கியிருக்கிறது. அவர் தினமும் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார். கூனி வாங்கி ஒரு டப்பாவில் தயாராக வைத்திருக்கிறார், தனி டப்பா, மேலே பெயர் எழுதி.