ஏற்காட்டுப் பனியில் உப்பு மாவு அலங்காரங்கள் நமத்துவிடுகின்றன, எப்படிக் காப்பது?

நாகலூர் மருமகள்:
அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை ஒட்டியது எங்கள் வீடு. கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முன்பு வரும் ஞாயிறன்று சேலத்திலிருந்து நாத்தனார் குடும்பமும் கொழுந்தனார் குடும்பமும் மலையேறி வந்துவிடுவார்கள். ஆண்கள் குடிலுக்கு மண் பரப்பிக் கேழ்வரகு தூவுவார்கள். நாங்களும் பிள்ளைகளும் கூடத்தில் பாய் விரித்து அமர்ந்து, மைதாவும் உப்பும் சேர்த்துப் பிசைந்த உப்பு மாவைத் தேய்த்து, பிஸ்கட் அச்சால் நட்சத்திரமும் மணியும் வெட்டி, நிறம் தீட்டி, சில்வர் ஓக் கிளையில் கட்டுவோம்.

சென்ற ஆண்டு என் அத்தை ஒரு வட்ட வில்லையில் தம் கட்டைவிரலை அழுத்திப் பதித்து, அந்தப் பள்ளத்தைத் தொட்டிலாக்கி, அதற்குள் கடுகளவு மாவில் பாலன் இயேசுவை வைத்தார்கள். கடந்த ஜூலையில் அவர்கள் இறைவனில் இளைப்பாறினார்கள். நேற்று பெட்டியைத் திறந்தபோது எல்லா வில்லைகளும் நமத்த அப்பளம்போல் வளைந்தன. அத்தை செய்தது மட்டும் விளிம்பு இளகினாலும் விரல்ரேகையோடு இருக்கிறது. மூன்று நாள் வெயிலில் காயவைத்துத்தான் எடுத்து வைத்தோம், வார்னிஷ் பூசவில்லை. அந்த ஒன்றைக் காப்பாற்ற வழி உண்டா? இந்த ஆண்டு செய்பவற்றை எப்படிச் செய்தால் நிலைக்கும்?

அஸ்தம்பட்டி அடுப்படி:
சகோதரி, முதலில் அத்தை செய்ததைப் பார்ப்போம். நமத்த உப்பு மாவு கெட்டுப்போன மாவு அன்று. ஈரம் ஏறிய மாவுதான். கரும்பூசணம் பிடிக்காமல் இருந்தால், ஓவனில் மிகக் குறைந்த சூட்டில், 60 முதல் 70 டிகிரிக்குள், தட்டில் பட்டர் பேப்பர் விரித்து நான்கைந்து மணி நேரம் வையுங்கள். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வில்லையை உப்பவைக்கும், ரேகை போய்விடும். எடுத்து ஆறவிட்டுக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஆறிய பிறகும் சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். மார்கழி மூடுபனியில் உங்கள் மலையில் அந்த அளவைத் தாண்டாத காலைப்பொழுது குறைவு. கல் உப்பைப் பொடித்துச் சேர்த்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்; அதிலுள்ள மக்னீசிய உப்புகள் அதைவிட விரைவாக ஈரம் வாங்கும். ஆகவே சுத்திகரித்த தூள் உப்பையே பயன்படுத்துங்கள்.

2 கப் மைதா, 1 கப் உப்பு, முக்கால் கப் தண்ணீர். அரை சென்டிமீட்டருக்கு மேல் கனம் வேண்டாம். நூல் கோக்கும் துளையை ஈரமாக இருக்கும்போதே உறிஞ்சுகுழலால் போட்டுவிடுங்கள். 100 டிகிரியில் மூன்று மணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்பி. மலை வெயிலை நம்பாதீர்கள். பிறகு வார்னிஷை முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு என்று எல்லா இடத்திலும் இரண்டு முறை பூசுங்கள். துளையின் உள்சுவரைத்தான் எல்லோரும் மறப்பார்கள், ஈரம் அதன் வழியாகத்தான் நுழைகிறது. தோட்டத்து வீடு என்கிறீர்கள், நாய் இருக்குமே. இந்த வில்லையைத் தின்றால் உப்பு மிகுந்து நாயின் உயிருக்கே ஆபத்து, எட்டாத கிளையில் கட்டுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை பேத்தி:
அக்கா, நாங்கள் உப்பையே விட்டுவிட்டோம். 2 கப் சமையல் சோடா, 1 கப் சோள மாவு (வெள்ளை கார்ன்ஃப்ளார்), ஒன்றேகால் கப் தண்ணீர் சேர்த்து, உருளைக்கிழங்கு மசியல் பதம் வரும்வரை கிளறி, ஆறியதும் பிசைந்து வெட்டுகிறோம். பால்போல் வெண்மையாக வரும், நிறமே தீட்ட வேண்டியதில்லை. ஜவ்வரிசி ஊர்க்காரர்கள் ஆயிற்றே என்று ஓராண்டு மரவள்ளி மாவில் முயன்றோம். பசைபோல் இழுத்து அச்சில் ஒட்டிக்கொண்டது. கொலுசுப் பட்டறையில் உதிரியாகக் கிடைக்கும் சலங்கை ஒன்றை ஒவ்வொரு வில்லையின் கீழும் கட்டுவது எங்கள் பாட்டி தொடங்கிய வழக்கம்.

பட்டைத் தூளிலும் செய்யலாம். 1 கப் பட்டைத் தூளுக்கு, வேகவைத்து மசித்த ஆப்பிள் முக்கால் கப். அடுப்பே வேண்டாம், சேலத்து வெயிலில் இரண்டு நாளில் காய்ந்து சற்றே சுருங்கிக் கல்லாகிவிடும். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் மணக்கும்.

சூரமங்கலம் தாத்தா:
உண்பதற்குரியதையும் மரத்தில் கட்டலாம், அம்மா. அச்சு முறுக்குக்கு இயல்பிலேயே துளைகள் உண்டு, பூ வடிவமும் உண்டு. தனியாக பிஸ்கட் எதற்கு? என் மனைவி தேங்காய்ப்பால் ஊற்றிக் கரைத்துச் சுட்டு, டப்பாவில் அடைத்து வைப்பாள். 24ஆம் தேதி இரவு திருப்பலிக்குப் புறப்படும் நேரத்தில்தான் வெள்ளை நூலில் கோத்துத் தொங்கவிடுவோம், திரும்பி வந்ததும் பிள்ளைகள் பறித்துத் தின்பார்கள். அதற்குமேல் விட்டால் நமத்துவிடும், எறும்பும் வரும்.

நாகலூர் மருமகள்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று 65 டிகிரியில் ஐந்து மணி நேரம் வைத்தேன். நகத்தால் தட்டினால் இப்போது டக்கென்று ஓட்டுச் சத்தம் கேட்கிறது. ரேகையின் ஒரு சுழிகூட அழியவில்லை. நூல் கோத்த துளையின் விளிம்பு மட்டும் உதிர்ந்துவிட்டதால் இனி அதைத் தொங்கவிட முடியாது. வார்னிஷ் இரண்டு முறை பூசியாயிற்று. குடிலில் கேழ்வரகு இரண்டு விரல் உயரம் வளர்ந்திருக்கிறது, அதன் நடுவில் வைக்கப்போகிறேன்.