சென்னை–பெங்களூரு–கொச்சி: 24 ஓவியங்களைச் சேதமில்லாமல் கொண்டுபோவது எப்படி?

மைக்கூடு (கேள்வி):
குழுக் கண்காட்சி. சென்னை லலித் கலா அகாடமியில் முடிந்ததும் பெங்களூரு சித்ரகலா பரிஷத், பிறகு ஜூனில் எர்ணாகுளம் தர்பார் ஹால். 18 அக்ரிலிக், 2 எண்ணெய் வண்ணம், கண்ணாடி போட்ட நீர்வண்ணம் 4. பெரியது 5×4 அடி. வேனில்தான் போகின்றன. பபிள் ராப் சுற்றினால் போதுமா? வழியில் என்ன ஆவணம் கேட்பார்கள்?

பலகைப்பெட்டி (பதில்):
அக்ரிலிக் முகத்தில் பபிள் ராப் படவே கூடாது. காய்ந்த அக்ரிலிக்கும் சூட்டில் இளகும். வெயிலில் நிற்கும் மூடிய வேனுக்குள் குமிழித் தடம் வட்டவட்டமாகப் பதிந்துவிடும், அப்புறம் போகாது. நான்கு மூலைக்கும் தடித்த அட்டை மூலை மாட்டி, அவற்றின் மேல் முழு அட்டை ஒன்றை நிறுத்துங்கள். வண்ணத்துக்கும் அட்டைக்கும் நடுவே காற்று இருக்கும். அதற்கு மேல் பபிள் ராப், குமிழி வெளிப்பக்கம்.

பெரிய படங்களுக்கு 12 மி.மீ. ப்ளைவுட் பெட்டி, உள்ளே 2 அங்குல ஃபோம். மூடிக்கு ஆணி வேண்டாம், ஸ்குரூதான்: மூன்று ஊரில் திறந்து மூடணும், சுத்தியல் அடி ஒவ்வொன்றும் வண்ணப்பூச்சை அதிரவைக்கும். பின்பக்கக் கொக்கிகளைக் கழற்றிவிட்டு, முகத்தோடு முகமாக நிற்க வையுங்கள். படுக்கப் போட்டால் கேன்வாஸ் குதிக்கும். எண்ணெய் வண்ணம் தடிப்பாக இருந்து, தீட்டி ஆறு மாதம்கூட ஆகவில்லை என்றால் உள்ளே காய்ந்திருக்காது, அந்த இரண்டையும் விட்டுவிட்டே போகலாம்.

சலான் (பதில்):
விற்பனை இல்லாவிட்டாலும் டெலிவரி சலானில் (சரக்கோடு போகும் விவரச் சீட்டு) ஒவ்வொரு படத்தின் பெயர், அளவு, மதிப்பு எழுதுங்கள். அனுப்புபவர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவராகவும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேலாகவும் இருந்தால் இ-வே பில் (சரக்கு கொண்டுபோக இணையத்தில் எடுக்கும் சீட்டு) வேண்டும். அது செல்லும் காலம் 200 கி.மீ.க்கு ஒரு நாள் கணக்கு. பெங்களூருக்கு இரண்டு நாள் வரும். வழியில் வண்டி மாறினால் அந்தப் பில்லில் புது வண்டி எண்ணைப் பதியாமல் நகரக்கூடாது, மாட்டுவது பெரும்பாலும் இதில்தான்.

ஈரக்காற்று (பதில்):
கண்ணாடி மேல் பேப்பர் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுங்கள். உடைந்தாலும் சில்லு நீர்வண்ணத்தைக் கிழிக்காது. கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் ஷீட் என்றால் டேப் கூடாது, கறை விழும்.

ஜூன் கொச்சி என்றால் மழை. பெட்டியை இறக்கியதும் திறக்காமல் 24 மணி நேரம் ஹாலிலேயே வையுங்கள். ஈரத்தில் கேன்வாஸ் தொய்ந்து தெரியும். பார்த்ததும் சட்டத்தின் பின்மூலைகளில் செருகியிருக்கும் மர ஆப்பைத் தட்டி இறுக்காதீர்கள். ஏசியில் காய்ந்ததும் துணி தானாக இறுகும், அந்த இழுப்பில் எண்ணெய்ப் பூச்சு வெடிக்கும்.

ஒவ்வொரு ஊரிலும் திறந்ததும் பக்கவாட்டு வெளிச்சத்தில் முன், பின், நான்கு மூலை ஃபோட்டோ. கொடுப்பவர், வாங்குபவர் இருவர் கையெழுத்தும் வேண்டும். இல்லாவிட்டால் கீறல் எந்த ஊரில் விழுந்தது என்று இன்சூரன்ஸ்காரர் கேட்கும்போது பதில் இருக்காது.