வெடிக்கக்கூடிய ஆவி உள்ள அறையில் டிசி மின்னழுத்த மாற்றி

கேள்வி:
கரைப்பான் ஆவி அவ்வப்போது பரவும் ஓர் அறையில், 24 வோல்ட் டிசியை 12 வோல்ட்டாகக் குறைத்து உணரிகளுக்கு அளிக்க வேண்டியுள்ளது. எங்களிடம் உள்ள மாற்றி ஐபி 67 தரம் பெற்றது. ரெசினால் முழுவதும் அடைக்கப்பட்டது. அதை அறைக்குள்ளேயே பொருத்தலாமா?

பதில் 1:
தயவுசெய்து பொருத்தாதீர்கள். ஐபி 67 என்பது தூசியும் நீரும் உட்புகாமைக்கான உறுதி மட்டுமே. தீப்பொறியைப் பற்றியோ மேற்பரப்பு வெப்பத்தைப் பற்றியோ அது எதையும் சொல்வதில்லை. இயல்பான இயக்கத்தின்போதே ஆவி அவ்வப்போது தோன்றக்கூடிய இடம் மண்டலம் 1 என வகைப்படுத்தப்படுவதால், அங்கு வைக்கும் கருவி வெடிக்கக்கூடிய சூழலில் பயன்படும் கருவிகளுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஇசி 60079 தொடரின்படி சான்று பெற்றிருக்க வேண்டும். ரெசின் அடைப்பும் ஏற்கப்பட்ட பாதுகாப்பு முறைதான். ஆனால் சோதித்துச் சான்றளிக்கப்பட்டிருந்தால் மட்டுமே. வெப்ப வகுப்பையும் பாருங்கள்: டி4 என்றால் மேற்பரப்பு 135 பாகை செல்சியஸைத் தாண்டாது, உங்கள் கரைப்பான் தானாகத் தீப்பற்றும் வெப்பநிலை அதைவிட உயர்ந்ததாக இருக்க வேண்டும்.

பதில் 2:
மாற்றியை ஆபத்தற்ற பகுதியிலேயே வைத்து, சான்று பெற்ற பாதுகாப்புத் தடுப்பான் (உள்ளே செல்லும் மின்னாற்றலைக் கட்டுப்படுத்தும் கருவி) வழியாக மின்சாரத்தை உள்ளே அனுப்புவதையே நான் விரும்புவேன். உணரிகளும் உள்ளார்ந்த பாதுகாப்புச் சான்று (ஆவியைப் பற்றவைக்கும் அளவுக்கு ஆற்றலை வெளியிடாதவை என்பதற்கான சான்று) பெற்றவையாக இருக்க வேண்டும். கம்பியின் நீளத்தையும் கணக்கிடுங்கள். அதன் மின்தேக்குதிறனும் மின்தூண்டலும் ஆற்றலைச் சேமிப்பவை; அந்த ஆற்றல் தீப்பொறியாக வெளிப்படலாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பராமரிப்பின்போது மின்சாரத்தை நிறுத்தியவுடன் இணைப்பைக் கழற்றலாமா?

பதில் 1:
கூடாது. உள்ளிருக்கும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் சிறிது நேரம் தங்கியிருக்கும். கருவியில் குறிக்கப்பட்டுள்ள காத்திருப்பு நேரம் முடிந்து, அறையில் ஆவி இல்லை என்பதை வாயு அளவியால் உறுதிசெய்த பிறகே கழற்றுங்கள்.