டீலர் தந்த லோனர் கார் சினோவில் (பனியில்) வழுக்கி அடிபட்டது, யார் பொறுப்பு? (ஒன்ராறியோ)

பதிந்தவர்: அஜாக்ஸ்வாசி

வணக்கம். ஒன்ராறியோ இன்சூரன்ஸ் வடிவாகத் தெரிந்தவர்கள் யாராவது பதில் போடுங்கள். டீலரோடும் இன்சூரன்ஸோடும் மாறி மாறிக் கதைத்துக் களைத்துவிட்டேன்.

என்னுடைய கார் ட்ரான்ஸ்மிஷன் வேலைக்காக டீலரிடம் நிற்கிறது. வாரண்டி வேலைதான், ஆனால் பார்ட்ஸ் வருவது இழுபட்டுக்கொண்டே போகிறது. அதுவரை ஓடுவதற்கு ஒரு லோனர் தந்தார்கள். புது செடான், ஃப்ரன்ட் வீல் ட்ரைவ், ஆல் சீசன் ரயர். என் காருக்கு நவம்பரிலேயே வின்ரர் ரயர் போட்டாயிற்று. போட்டு என்ன, அது அங்கே ஹொயிஸ்ற்றில் ஏறி நிற்கிறது. சாவியை வாங்கும்போதே கவுண்டரில் நின்ற தமிழ்ப் பெடியனிடம் "இதுக்கு வின்ரர் ரயர் இல்லையா" என்று கேட்டேன். "எங்கட லோனர் எல்லாம் ஆல் சீசன்தான் அக்கா, ஒரு பிரச்சினையும் இல்லை" என்றான்.

சனிக்கிழமை பாரியில் இருக்கும் அண்ணா வீட்டிலிருந்து அம்மாவைக் கூட்டிவர வெளிக்கிட்டேன். ஹைவே 400-ல் குக்ஸ்டவுன் வரை நல்ல வெயில். ஹைவே 89-ஐத் தாண்டியதும் ஸ்குவால் (திடீர்ப் பனிப்புயல்) பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கம் ஓடுபவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஜோர்ஜியன் பே பக்கமிருந்து வந்தால் ஐந்து நிமிடத்தில் ரோட்டே இல்லாமல் போய்விடும். முன்னால் போன ட்ரக்கின் பின் லைற் இரண்டு மட்டும் சிவப்பாகத் தெரிந்தன, அதுவும் விட்டு விட்டு. நான் 50-க்குக் குறைத்து, ஃபோர் வே (நாலு எச்சரிக்கை லைற்றும்) போட்டு, இதற்குள் ஓடுவது சரிவராது என்று இன்னிஸ்ஃபில் பீச் ரோட்டில் இறங்கப் பார்த்தேன். ராம்ப் வளைவில் பிரேக்கைத் தொட்டதும் காலுக்கடியில் ஏபிஎஸ் கடகடவென்று அடித்தது. ஸ்டியரிங் திரும்பியது, கார் திரும்பவில்லை. நேரே போய்க் கார்ட்ரெயிலில் (ரோட்டோர இரும்புத் தடுப்பில்) உரசி நின்றது. எயர்பாக் வெடிக்கவில்லை, எனக்கு ஒன்றுமில்லை. முன் பம்பர், வலது ஹெட்லைற், ஃபெண்டர், ஒரு ரிம் எல்லாம் சேதம். ஓபிபி (ஒன்ராறியோ மாகாணப் பொலிஸ்) வந்து படம் எடுத்து, ரிப்போர்ட் நம்பர் தந்துவிட்டுப் போனார்கள். அபராத டிக்கெட் தரவில்லை.

இப்போது டீலர் அனுப்பிய கணக்கு இது. திருத்த 9,800 டொலர். கார் ஓடாமல் நிற்பதற்கு நாளுக்கு 65 டொலர். அடிபட்ட காரின் பெறுமதி குறைந்ததற்கு 2,500. "நிர்வாகச் செலவு" 350. எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு என்று ஒரு பேப்பர் அனுப்பி, வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வைக்கச் சொல்கிறார்கள். என் இன்சூரன்ஸ் கம்பெனியில் கதைத்த பிள்ளை, நூறு வீதம் உங்கள் பிழைதான் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள்.

எனக்கு விளங்காதது இதுதான். சினோ கொட்டியது நானா? வின்ரர் ரயர் கேட்டும் தராமல் விட்டது அவர்கள். கார் அவர்களுடையது, அதற்கு அவர்களிடம் இன்சூரன்ஸ் இருக்காதா? என் பொலிசியில் கொலிஷன் (மோதல் சேதக் காப்பு) இருக்கிறது, டிடக்டிபிள் (கிளெய்மில் நானே கட்டவேண்டிய பங்கு) 1,000. கையிலிருந்து கட்டிவிட்டுப் பேசாமல் இருப்போம், இல்லாவிட்டால் பிரீமியம் ஏறும் என்கிறார் கணவர். பத்தாயிரத்தை யாராவது பேசாமல் கட்டுவார்களா?

---

பதில்: குளிர்நாட்டான்

அக்கா, ஒரு சதமும் கட்டாதீர்கள். இது இயற்கை அனர்த்தம். 2013 டிசம்பர் ஐஸ் புயலில் எங்கள் வீட்டு மேப்பிள் கொப்பு முறிந்து என் காரின் மேல் விழுந்தது. இன்சூரன்ஸ் மறுபேச்சில்லாமல் காசு தந்தது, பிரீமியமும் ஏறவில்லை. காலநிலைக்கு மனிதனைப் பிழை பிடிக்க முடியாது. வக்கீல் நோட்டீஸ் ஒன்று விடுங்கள், டீலர் அடங்கிவிடுவான்.

---

பதில்: பழைய புரோக்கர்

தம்பி குளிர்நாட்டான், உங்கள் கதை உண்மை, ஆனால் இதற்குப் பொருந்தாது. நின்ற காரின் மேல் கொப்பு விழுந்தால் அது கொம்ப்ரிஹென்சிவ் (மோதல் அல்லாத சேதத்துக்கான காப்பு). அதில் பிழை யாருடையது என்ற கேள்வியே வராது. ஓடிய கார் ஐஸில் வழுக்கிப் போய் எதிலாவது மோதினால் அது கொலிஷன். இரண்டும் பொலிசியில் வேறு வேறு பகுதி.

தங்கச்சி, முதலில் காலநிலையைப் பார்ப்போம். ஒன்ராறியோவில் யாருக்கு எத்தனை வீதம் பிழை என்பதை அட்ஜஸ்டர் (கிளெய்மைக் கவனிக்கும் இன்சூரன்ஸ் ஆள்) தன் மனம் போலப் போடுவதில்லை. இன்சூரன்ஸ் சட்டத்தின் கீழ் ரெகுலேஷன் 668 என்று ஒன்று இருக்கிறது. காலநிலை, ரோட்டின் நிலை, பார்வை தெரிந்ததா இல்லையா, இவை எதையும் கணக்கில் எடுக்காமல்தான் பிழையைத் தீர்மானிக்க வேண்டும் என்று அதில் நேரடியாகவே எழுதியிருக்கிறது. அநியாயமாகப் படலாம். ஆனால் இது இல்லாவிட்டால் ஜனவரி, பெப்ரவரியில் நடக்கும் ஒவ்வொரு விபத்துக்கும் எல்லோரும் சினோவைத்தான் கை காட்டுவார்கள். வேறு வாகனம் சம்பந்தப்படாமல் நீங்கள் தனியாகப் போய்க் கார்ட்ரெயிலில் முட்டினால் அந்தப் பக்கம் பங்குபோட ஆள் இல்லை. அந்தப் பிள்ளை ஒரே சொல்லில் முடித்தது அதனால்தான். டிக்கெட் தராததும் இதை மாற்றாது, அது பொலிஸ் பக்கக் கணக்கு. தராமல் விட்டதற்குச் சந்தோஷப்படுங்கள். சினோவில் தனியாக அடிபட்டவர்களுக்குக் கேர்லெஸ் டிரைவிங் எழுதுவதுண்டு, அதற்கு ஆறு டிமெரிட் புள்ளி.

ரயர். கியூபெக்காக இருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கும். அங்கே டிசம்பர் 1-லிருந்து மார்ச் 15 வரை வின்ரர் ரயர் கட்டாயம். ஒன்ராறியோவில் அப்படிச் சட்டம் இல்லை, ஆல் சீசனோடு கார் கொடுப்பது குற்றமல்ல. பெடியன் "பிரச்சினை இல்லை" என்று வாயால் சொன்னதை வைத்து எதுவும் செய்ய முடியாது. ஆனால் ரயர் தேய்ந்திருந்ததா என்பது வேறு கதை. இங்கே சட்டப்படி குறைந்தது 1.5 மில்லிமீற்றர் பள்ளம் இருக்க வேண்டும். கார் இன்னும் அவர்கள் யார்டில் நின்றால் இன்றைக்கே போய் நாலு ரயரையும் படம் எடுங்கள். 25 சதக் குற்றியைக் அதில் இருக்கும் கரிபு மானின் மூக்கு கீழே போகும்படி பள்ளத்துக்குள் விட்டுப் பாருங்கள். மூக்கு நுனி வெளியே தெரிந்தால் அந்த ரயர் சினோவுக்குச் சரிவராத அளவுக்குத் தேய்ந்த ரயர், சட்டம் சொல்லும் 1.5-க்கு இன்னும் இறங்காவிட்டாலும். அப்போது டீலரோடு கதைக்க உங்களிடம் ஏதோ இருக்கும். புதுக் கார் என்கிறீர்கள், அதனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம். உங்கள் சொந்தக் கார் திருத்த வேலைக்கு நிற்கும்போது அதற்குப் பதிலாக ஓடும் காரை உங்கள் ஓஏபி 1 (ஒன்ராறியோவின் வழமையான கார் பொலிசி) தற்காலிக மாற்று வாகனமாகப் பார்க்கும். உங்கள் காருக்குக் கொலிஷன் இருப்பதால் வழி இருக்கிறது. அதோடு பொலிசியின் முதல் பக்கத்தில் ஓபிசிஎஃப் 27 என்று இருக்கிறதா பாருங்கள். உங்களுக்குச் சொந்தமில்லாத காருக்கு வரும் சேதத்துக்கான இணைப்பு அது. வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு என்று சொல்லித்தான் விற்போம், லோனருக்கும் உதவும். டீலரிடமும் இன்சூரன்ஸ் இருக்கத்தான் செய்யும், கராஜ் பொலிசி, ஓஏபி 4. ஆனால் லோனர் ஒப்பந்தத்தில் "முதலில் வாடிக்கையாளரின் இன்சூரன்ஸ்" என்று ஒரு வரி அநேகமாக இருக்கும். சாவி வாங்கும்போது யாரும் அதை வாசிப்பதில்லை. கிரெடிட் கார்ட் காப்பை நம்ப வேண்டாம், வாடகையை அந்தக் கார்டில் கட்டியிருந்தால்தான் அது பொதுவாக வேலை செய்யும். இலவச லோனருக்கு நீங்கள் ஒன்றும் கட்டவில்லை.

கணவரின் யோசனைக்கு ஒரு பதில். கையிலிருந்து கட்டினால் பிரீமியம் ஏறாது என்ற விதி உண்மையாகவே இருக்கிறது, 2016 ஜூனிலிருந்து. ஆனால் அது சேதம் 2,000 டொலருக்குள், யாருக்கும் காயமில்லை, இன்சூரன்ஸ் ஒன்றும் கொடுக்கவில்லை என்றால் மட்டும், அதுவும் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை. உங்கள் கணக்கு அந்த வேலியை எப்போதோ தாண்டிவிட்டது. ஓபிசிஎஃப் 39 இருந்தால் முதல் விபத்தை மன்னிப்பார்கள், அதையும் தேடுங்கள்.

---

பதில்: சேர்விஸ் கவுண்டர்

நான் ஒரு டீலரிடம் சேர்விஸ் அட்வைசராக வேலை செய்பவன், எது என்று சொல்லமாட்டேன். மேலே அண்ணை சொன்னது சரி. டீலர் அனுப்பிய கணக்கைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கணக்குகள் எப்படித் தயாராகின்றன என்று தினமும் பார்க்கிறேன்.

9,800 யாருடைய எஸ்டிமேட்? டீலரின் சொந்த பொடி ஷொப் என்றால் உங்கள் அட்ஜஸ்டர் வேறு ஆளை அனுப்பிப் பார்க்க வேண்டும். எங்களுக்குள் ஒரு மணித்தியாலக் கூலி, இன்சூரன்ஸுக்கு எழுதும்போது வேறு கூலி. ஹெட்லைற்றில் சந்தேகமில்லை, இந்தக் கால எல்ஈடி ஹெட்லைற் அசெம்பிளி ஒன்றே பெரிய காசு. பம்பருக்குள் ராடார் சென்சர் இருந்தால் கலிபிரேஷனும் சேரும். ஆகவே தொகை பெரிதாக இருப்பது தன்னளவில் மோசடியில்லை, ஆனால் வரி வரியாகக் கேளுங்கள்.

நாளுக்கு 65 டொலர் கேட்பதற்கு, அந்த நாட்களில் மற்ற லோனர்கள் எல்லாமே வெளியில் இருந்தன என்று காட்டச் சொல்லுங்கள். எங்கள் யார்டில் ஜனவரியில் பத்து லோனர் சும்மா சினோவுக்குள் புதைந்து நிற்கும். ஒன்று கராஜில் நிற்பதால் என்ன நட்டம்? பதிவுப் புத்தகம் கேட்டால் பாதிப் பேர் இந்த வரியையே எடுத்துவிடுவார்கள்.

பெறுமதி குறைந்தது 2,500. லோனர்களை ஆறேழு மாதம் ஓடவிட்டு டெமோவாக (கொஞ்சம் ஓடிய காராக) விலை குறைத்து விற்பதுதான் வழமை. விற்கவே இல்லாத காருக்கு இப்போதே 2,500 எப்படி வந்தது, யார் மதிப்பிட்டது? 350 நிர்வாகச் செலவு நீங்கள் கையெழுத்து வைத்த ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் கேட்கலாம், இல்லையென்றால் காற்று.

அந்தப் புதுப் பேப்பரில் கையெழுத்து வைக்காதீர்கள். நீங்கள் ஏற்கெனவே கையெழுத்து வைத்தது ஒன்று இருக்கிறது, அது போதும். இரண்டாவது எதற்கு? முதலாவதில் இல்லாத ஏதோ இதில் இருக்கிறது. அந்தப் பெடியனில் கோபப்படாதீர்கள், லோனருக்கு வின்ரர் ரயர் போடுவதில்லை என்பது மேலே இருப்பவர்களின் முடிவு. நாங்களும் வருடா வருடம் கேட்டுப் பார்க்கிறோம்.

---

பதில்: அஜாக்ஸ்வாசி

எல்லோருக்கும் நன்றி. பொலிசியை எடுத்துப் பார்த்தேன், ஓபிசிஎஃப் 27 இருக்கிறது, 50,000 டொலர் வரை. 39 இல்லை. என் புரோக்கர் விற்கும்போது சொல்லவேயில்லை, அதை அவரிடம் தனியாகக் கதைக்க வேண்டும். ரயரில் மூக்கு தெரியவில்லை, நல்ல பள்ளம். பழைய ஒப்பந்தத்தில் திருத்தச் செலவும் டிடக்டிபிளும்தான் இருக்கின்றன. பெறுமதி குறைவதைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது, 350-ம் கிடையாது. புதுப் பேப்பரில் மட்டும்தான் இரண்டும் வந்திருக்கின்றன.

காலநிலை எடுபடாது என்பது விளங்குகிறது, ஆனாலும் சரியென்று மனம் ஒப்பவில்லை. அந்த ராம்பில் யாராக இருந்தாலும் வழுக்கித்தான் இருப்பார்கள். எனக்குப் பின்னால் வந்த எஸ்யூவியும் ஒரு சுற்றுச் சுற்றியது, அவருக்கு மோத ஒன்றுமில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. ஓபிபிக்காரர் காரை விடக் கார்ட்ரெயிலைத்தான் கனக்கப் படம் எடுத்தார். அது எதற்கு?

---

பதில்: பழைய புரோக்கர்

அது போக்குவரத்து அமைச்சுக்கு. ஹைவேயில் கம்பமோ, வேலியோ, கார்ட்ரெயிலோ சேதமானால் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம், நீங்கள் அந்த இடத்திலேயே செய்துவிட்டீர்கள். சில மாதம் கழித்து, எல்லாம் மறந்த பிறகு, திருத்தியதற்கான பில் ஒன்று தபாலில் வரும். பயப்பட வேண்டாம், அது உங்கள் பொலிசியின் மூன்றாம் தரப்புப் பொறுப்பில் போகும், அதற்கு டிடக்டிபிள் கிடையாது. நீங்களே கட்டிவிட்டுப் பிறகு கேட்காதீர்கள், வந்த உடனே கிளெய்ம் நம்பரோடு அட்ஜஸ்டருக்கு அனுப்புங்கள்.

டீலருக்கு இரண்டு வரி ஈமெயில் போதும்: கிளெய்ம் திறந்தாயிற்று, இதுதான் நம்பர், இனி அட்ஜஸ்டரோடு கதையுங்கள். நாளுக்கு 65 டொலர் என்பது ஓபிசிஎஃப் 27-க்குள் வருகிறதா என்று அட்ஜஸ்டரிடம் எழுத்தில் கேளுங்கள். சேதத்தை எழுத்து மூலம் அறிவிக்கப் பொலிசியில் ஏழு நாள் என்று இருக்கும், போனில் கதைத்ததை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். உங்கள் கிரெடிட் கார்டில் டீலர் ஏதாவது தொகை பிடித்து வைத்திருந்தால் அதையும் பாருங்கள். சிலர் இந்த 350-ஐச் சொல்லாமல் அதிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

---

பதில்: அஜாக்ஸ்வாசி

500 பிடித்து வைத்திருந்தார்கள். இப்போதுதான் பார்த்தேன், நேற்று 350 போயிருக்கிறது. பாங்குக்குப் போன் அடிக்கிறேன்.