ஒளியை முந்தும் பயணம்: கதையில் நாம் மீறுவது எந்த விதியை?

கேள்வி – விண்மீன்நேசன்:
நான் எழுதிவரும் அறிவியல் புனைகதையில் ஒரு விண்கலம் 4.24 ஒளியாண்டு தொலைவிலுள்ள பிராக்சிமா சென்டாரியை மூன்றே நாளில் அடைய வேண்டும். எஞ்சினின் ஆற்றல் போதாமைதான் ஒரே தடை என்றால், எதிர்காலத்தில் அது தீர்ந்துவிட்டது என்று ஒரு வரியில் எழுதிக் கடந்துவிடுவேன். தடை அவ்வளவுதானா?

பதில் – அலைநீளம்:
அவ்வளவு எளிதில்லை. நிறையுள்ள பொருள் ஒளியின் வேகத்தை நெருங்க நெருங்க, அதை மேலும் முடுக்கத் தேவைப்படும் ஆற்றல் எல்லையின்றி ஏறிக்கொண்டே போகும். பயணிகளுக்கு மட்டும் நேரம் குறைந்தால் போதும் என்றால் எதையும் மீற வேண்டாம்: ஒளிவேகத்தில் 99 விழுக்காட்டில் சென்றால், பூமியில் 4.28 ஆண்டு கழிவதற்குள் கலத்தின் கடிகாரத்தில் ஏறத்தாழ ஏழு மாதமே ஓடியிருக்கும்.

பூமியின் கணக்கிலும் மூன்று நாள்தான் ஆக வேண்டும் என்றால், 1994-இல் இயற்பியலாளர் மிகேல் அல்குபியேரே முன்வைத்த வழியைப் பாருங்கள். கலத்துக்கு முன்னால் விண்வெளியே சுருங்குகிறது, பின்னால் விரிகிறது. நடுவிலுள்ள குமிழிக்குள் கலம் தன்னருகே உள்ள ஒளியை முந்துவதே இல்லை. ஈர்ப்பை வெளி, காலத்தின் வளைவாக விளக்கும் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலின் சமன்பாடுகள் இதற்கு இடம் தருகின்றன. ஆனால் இதற்கு எதிர்மறை ஆற்றல் அடர்த்தி, அதாவது வெற்றிடத்தைவிடவும் குறைந்த ஆற்றல், தேவை. மிக நெருக்கமாக வைத்த இரு உலோகத் தகடுகளுக்கிடையே தோன்றும் காசிமிர் விளைவில் அதன் மிகச் சிறிய சாயலைத்தான் காண்கிறோம்.

பதில் – காலக்கோடு:
எனக்கு ஆற்றலைவிட, காரணம் முன்பும் விளைவு பின்பும் வர வேண்டும் என்ற காரண காரிய ஒழுங்குதான் பெரிய சிக்கலாகத் தெரிகிறது. ஒளிவேகத்தில் 80 விழுக்காட்டில் ஒரு கலம் பூமியை விட்டு விலகுகிறது என்று கொள்ளுங்கள். அனுப்புபவரின் கணக்குப்படி உடனடியாகப் போய்ச்சேரும் செய்திக்கருவி இரு தரப்பிலும் இருக்கிறது. பிரியும்போது இரு கடிகாரங்களும் சுழியத்தில் தொடங்குகின்றன. நகரும் கடிகாரம் மெதுவாக ஓடும் என்பதால், பிரிந்த 10-ஆம் மணியில் பூமி அனுப்பும் செய்தி, கலத்தின் கடிகாரம் 6 மணி காட்டும்போது கிடைக்கும். ஆனால் கலத்தைப் பொறுத்தவரை நகர்வது பூமிதான். அங்குள்ள கடிகாரம்தான் மெதுவாக ஓடுகிறது. ஆகவே கலம் உடனே அனுப்பும் பதில், பூமிக் கடிகாரம் 3.6 மணி காட்டும்போதே வந்துவிடும், அதாவது கேள்வி புறப்படுவதற்கு 6.4 மணி நேரம் முன்பே. செய்திக்கு மாற்றாகக் கலமே ஒளியை முந்திப் போய்த் திரும்பினாலும், இதே முரண்பாட்டுக்கு வழி திறந்துவிடும்.

விண்மீன்நேசன்:
மூன்று நாள் பயணத்தையும் வைத்துக்கொண்டு இதைத் தவிர்க்க வழியுண்டா?

காலக்கோடு:
உண்டு. ஒளியை முந்தும் எதுவும் ஒரே ஒரு குறிப்பாயத்தை (இயக்கத்தையும் நேரத்தையும் அளக்க அடிப்படையாகக் கொள்ளும் பார்வை நிலையை) பொறுத்தே இயங்கும் என்று விதி வகுத்துக்கொள்ளுங்கள். பெருவெடிப்பின் எச்சமாக அண்டமெங்கும் பரவியுள்ள அண்ட நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு எல்லாத் திசையிலும் ஒரே சீராகத் தெரியும் குறிப்பாயம் அதற்குப் பொருத்தமாக இருக்கும். அப்போது பதில் கேள்வியை முந்தாது. ஆனால் சீரான வேகத்தில் செல்லும் எல்லாப் பார்வையாளர்களும் சமம் என்ற ஐன்ஸ்டைனின் 1905-ஆம் ஆண்டுக் கொள்கையை உங்கள் கதையுலகம் கைவிட்டதாகிவிடும்; அந்த உலகின் இயற்பியலாளர்களும் அதை அறிந்திருக்க வேண்டும்.