'ரிவார்ட் ரெஸ்பான்ஸ்': வெகுமதியைத் தவிர வேறு சொல் உண்டா?

அன்புள்ள குழுவினருக்கு,

குடியும் மரபணுவும் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கும்போது, 'ரிவார்ட் ரெஸ்பான்ஸ்' (மது போன்றவற்றுக்கு மூளை 'இன்னும் வேண்டும்' என்று துலங்குவது) என்ற இடத்தில் மூன்று நாளாக நிற்கிறேன். பலரும் 'வெகுமதி' என்றே எழுதுகிறார்கள். "மது மூளைக்கு வெகுமதி தருகிறது" என்றால் ஆடித் தள்ளுபடி விளம்பரம் மாதிரி இருக்கிறது. வெகுமதி என்றால் கொடுக்க ஓர் ஆள் வேண்டாமா?

நடப்பது இது. மது உள்ளே போனதும் மூளையில் எண்டார்பின் என்ற வேதிப்பொருள் சுரந்து, நரம்பணுக்களில் அதை வாங்கிக்கொள்ளும் மியூ ஓபியாய்டு ஏற்பியில் ஒட்டுகிறது, டோபமின் என்ற இன்னொரு வேதிப்பொருள் கூடுகிறது. அந்த ஏற்பிக்கான மரபணு ஓபிஆர்எம்1. அதன் டிஎன்ஏ எழுத்து வரிசையில் 118ஆம் இடத்தில் பலருக்கு 'ஏ', சிலருக்கு 'ஜி'. 2011இல் வந்த ஆய்வில் ஆண்களுக்கு ரத்தநாளம் வழியே ஆல்கஹால் ஏற்றி, மூளையில் டோபமின் மாற்றத்தைக் காட்டும் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். 'ஜி' உள்ளவர்களிடம் மட்டுமே டோபமின் வலுவாக எழுந்தது. மனித மரபணு பொருத்திய சுண்டெலிகளில் 'ஜி' வகைக்கு டோபமின் உச்சம் 'ஏ' வகையைப் போல் சுமார் நான்கு மடங்கு! இந்த வேறுபாட்டைச் சொல்லத்தான் சொல் தேடுகிறேன்.

'இன்பத் துலங்கல்' எனலாமா?

*

> 'இன்பத் துலங்கல்' எனலாமா?

வேண்டாம் அம்மா. டோபமினின் வேலை இன்பம் தருவதைவிட மறுபடி தேட வைப்பது. "அதுல ஒரு சுகமும் இல்ல சார், ஆனா கை தானா போகுது" என்பார்களே, அது. ருசி கண்ட பூனை உறியை எட்டிப் பார்க்கிற கதை. 'உள்ளக் களித்தலும் காண மகிழ்தலும்' கள்ளுக்கு இல்லை என்கிறது குறள் 1281. பழகிய குடிகாரருக்குப் பாட்டிலைக் கண்டாலே மூளை துலங்குகிறது. இந்த ஓரிடத்தில் வள்ளுவரோடு மல்லுக்கு நிற்கலாம்.

'பேறு' எப்படி? பெற்றது பேறு, கொடுப்பவர் தேவையில்லை.

*

ஐயா, "மூளையின் பேற்று மண்டலம்" என்று செவிலியரான தங்கையிடம் படித்துக் காட்டினேன். "பிரசவ வார்டா?" என்றாள்.

'நுகர்பேறு' என்று முன்னொட்டுப் போட்டுப் பார்த்தேன். குடியை விட உதவும் மருந்தான நால்ட்ரெக்சோனைப் பற்றி, "நால்ட்ரெக்சோன் மதுவின் நுகர்பேற்றை மட்டுப்படுத்தும்" என்றால் உட்காருகிறது. 'நுகர்பேற்றுத் துலங்கல்' மட்டும் கொஞ்சம் வாயை வலிக்க வைக்கிறது.

*

வலிக்கட்டும், பழகிவிடும். ஒன்று மட்டும்: கிழக்காசியர் பலருக்குக் குடித்ததும் முகம் சிவப்பது ஏஎல்டிஹெச்2 மரபணுவால், ஆல்கஹால் சிதைவில் வரும் அசெட்டால்டிஹைடு தேங்குவதால். அது வேறு கணக்கு. அங்கே இந்தச் சொல்லைப் போட்டுவிடாதீர்கள்.

*

சரி ஐயா. முதல் தடவை மட்டும் 'ரிவார்ட் எனும் நுகர்பேறு' என்று எழுதி அனுப்புகிறேன்.