எச்.ஐ.வி. ஆய்வுகளில் கலந்துகொண்ட பெண்களே, உங்களுக்கு என்ன நேர்ந்தது?

"பெண்கள் ஆய்வுக்கு வருவதே இல்லை" என்று ஆய்வாளர்கள் அலுத்துக்கொள்வதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. உலகில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள்தான். ஆனால் 2016இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துகளின் சோதனைகளில் நம் பங்கு சுமார் 19 சதவீதம். தொற்றை முற்றிலும் நீக்க வழி தேடும் ஆய்வுகளில் வெறும் 11.

நான் போனேன். ஒப்புதல் படிவத்தை வரிவரியாக விளக்கினார்கள். விரும்பியபோது விலகலாம், விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்காது என்றார்கள். அதுவரை நிறைவாகவே இருந்தது. பிறகு கருத்தடை பற்றிய பக்கம் வந்தது. இரண்டாவது குழந்தைக்கு முயல்கிறோம் என்று சொன்னதும் என் கோப்பினை மூடிவிட்டார்கள். கருவுறும் வாய்ப்புள்ள பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1977இல் வழிகாட்டியது. 1993இல் அதை மாற்றிக்கொண்டது. ஆனாலும் அந்தப் பழைய அச்சம் படிவங்களில் இன்னும் குடியிருக்கிறது. நாளை இதே மாத்திரையைக் கர்ப்பிணிகளும் விழுங்கத்தான் போகிறார்கள். அப்போது மருத்துவரிடம் கேட்டால், போதிய தரவு இல்லை என்பார். தரவு எங்கிருந்து வரும்?

பதில்

என் அனுபவம் கணக்கெடுப்பில். கேள்வி கேட்டவர் இளைஞர்; கதவு திறந்திருந்தது; வெளியே பெஞ்சில் என் மாமியார். "கடந்த ஓராண்டில் எத்தனை பேருடன் உறவு?" என்று அந்த இளைஞர் உரக்கப் படித்தார். என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். பாவம், அவருக்கும் வியர்த்தது.

பின்னொரு முறை, 2008இல் தொடங்கிய களங்கக் குறியீடு என்ற, எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் சந்திக்கும் ஒதுக்கலைப் பதிவுசெய்யும் கணக்கெடுப்பில் கலந்துகொண்டேன். அதில் கேள்வி கேட்பவரும் தொற்றோடு வாழ்பவராகவே இருப்பார். கருத்தடை அறுவைக்கு யாராவது வற்புறுத்தினார்களா என்று அந்த அக்கா கேட்டபோது, கணவரிடம்கூட முழுதாகச் சொல்லாததைச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பதில்

நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவள். களப்பணியாளராக வேலை பார்த்தேன். "பெண்கள் உண்மை சொல்வதில்லை" என்று எங்கள் கூட்டங்களில் எளிதாகப் பேசுவார்கள். அதற்கு அவர்கள் காட்டும் சான்று, தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் தொற்று இல்லாத ஐயாயிரத்துக்கும் அதிகமான பெண்களோடு நடந்த 'வாய்ஸ்' ஆய்வு. எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கக் கொடுத்த மருந்தைப் பயன்படுத்துவதாகப் பெரும்பாலோர் சொன்னார்கள். இரத்த மாதிரிகளில் சுமார் 30 சதவீதம் அல்லது அதற்கும் குறைவானவற்றில்தான் மருந்து தென்பட்டது.

பிறகு அந்தப் பெண்களோடு உட்கார்ந்து பேசிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. அது எச்.ஐ.வி. மருந்து என்பதால், புட்டியைப் பார்ப்பவர்கள் தொற்று இருப்பதாக நினைத்துவிடுவார்களே என்ற பயம். துணைவரிடம் சொல்ல முடியாத நிலை. உண்மையைச் சொன்னால் ஆய்விலிருந்து நீக்கிவிடுவார்கள் என்ற கவலையை நானே பல முகங்களில் பார்த்திருக்கிறேன்.

2024இல், பெண்களிடம் தொற்றைத் தடுக்கும் மருந்தைச் சோதித்த 'பர்பஸ் 1' ஆய்வின் முடிவு வந்தது. ஆண்டுக்கு இரண்டு முறை லெனகாபவிர் ஊசி போட்டுக்கொண்ட 2,134 பேரில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. வீட்டில் ஒளித்துவைக்கப் புட்டி எதுவும் இல்லை என்பதை யாராவது கவனித்தார்களா? முதலில் எழுதிய சகோதரிக்கு இன்னொரு செய்தி: அந்த ஆய்வின்போது கருவுற்றவர்கள் விருப்பப்பட்டால் தொடரலாம் என்று அனுமதித்தார்கள்.

பதில்

நான் பாதியில் விலகியவள். பக்கவிளைவு எதுவும் இல்லை, வைரல் லோடும் (இரத்தத்தில் வைரஸ் அளவு) நன்றாகவே இருந்தது. ஆனால் ஒவ்வொரு சந்திப்பும் வேலைநாள் காலையில். குழந்தையை எங்கே விடுவது? தூக்கிக்கொண்டு போனால், உள்ளே அனுமதி இல்லை. 'கிரேஸ்' என்ற எச்.ஐ.வி. மருந்து ஆய்வில் 429 பேரில் 287 பேர் பெண்கள். அவர்களைத் தேடிச் சேர்க்கத் தனி முயற்சி எடுத்திருந்தார்கள். அதிலும் பெண்களில் மூன்றில் ஒருவர் இடையில் நின்றுவிட்டார். மருந்து வேலை செய்யாததால் நின்றவர்கள் அவர்களில் சிலரே.

என் கோப்பில் "தொடர்பில் இல்லை" என்று எழுதியிருந்தார்கள். அதே கட்டடத்தில், மாதந்தோறும் மருந்து வாங்கும் வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

முதலில் எழுதியவர்

ஆய்வு முடிந்தபின் முடிவை உங்களிடம் யாராவது வந்து சொன்னார்களா? அதையும் எழுதுங்கள். சேரும்போதே இந்தக் கேள்வியைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கியவர்கள் இருந்தால் எப்படிக் கேட்டீர்கள் என்று சொல்லுங்கள்; அடுத்த வாரம் எனக்கு இன்னொரு ஆய்வுக்கான அழைப்பு இருக்கிறது.